குழிக்கு மூன்று விதை

கமோலோ
20 பிப்ரவரி 1984

அபோண்டி அக்காவுக்கு,

அமோண்டி எழுதுகிறேன். நீ நக்கூருவுக்கு பஸ் ஏறிப் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். நாள் எண்ணிக்கொண்டிருந்தாளா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களா? உன் மகன் ஓயூகியும் மருமகளும் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வா அக்கா. வந்து உன் வயலில் முதல் விதையைப் போட்டுவிட்டுப் போ. ஒரே ஒரு நாள் போதும்.

விவசாய ஆபீசர் மகோக்கா கொடுத்த மக்காச்சோள விதை என் வீட்டில் இருக்கிறது. மருந்து பூசிய விதை, ரோஸ் நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கிறது. கோழிக்குக்கூடப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தொண்ணூறு நாளில் விளைந்துவிடுமாம். ஆனால் மழைக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ந்த மண்ணிலேயே போட்டுவிட வேண்டும், மார்ச் முதல் வாரத்துக்குள். முடிச்சுப் போட்ட கயிறு பிடித்து, முடிச்சுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரே விதை, சோடா மூடி அளவு உரம். மழை வந்தபின் போட்டால் அதற்கும் நம் பழைய விதைக்கும் வித்தியாசம் இல்லை என்கிறார். இரண்டு வருஷமாக மழை பாதியில் ஓடிப்போவது உனக்கும் தெரியும். போன ஜூலையில் பானையைக் கவிழ்த்துச் சுரண்டியது நாம் இரண்டு பேரும்தான்.

நேற்று ஒலாங்கோ வந்திருந்தான். நம் புருஷன் ஒசேவேயின் தம்பி என்பதால் அவனுக்கு நம் வீட்டில் எப்போதும் ஒரு முக்காலி வேண்டும். உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "மூத்தவ கை வெக்காம இந்த வீட்டுல எவளும் மண்ணைத் தொடக் கூடாது. தொட்டா சிரா புடிக்கும், முறை தப்பின சாபம். புள்ளைங்க உருகி உருகி எலும்பாப் போகும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாதே." எனக்குத் தெரியாததையா சொல்கிறான்? ஒசேவே உயிரோடு இருந்தபோது எட்டு வருஷம் உன் மண்வெட்டிக்குப் பின்னால்தான் என் மண்வெட்டி போனது. முறையை மீற நான் கேட்கவில்லை. வந்து முறையைச் செய் என்றுதான் கேட்கிறேன்.

உன்னைக் கேட்காமல் இந்த விதைக்காக ஆபீசர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது தப்புதான். ஆனால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன், கோபப்பட்டுக்கொள்.

அடோயோ இன்னும் சாயங்காலமானால் இரண்டு பாயை எடுத்து வைக்கிறாள். ஒன்று எனக்காம், ஒன்று பெரியம்மாவுக்கும் அவளுக்குமாம். பெரியம்மா எங்கே என்று கேட்டால் "பஸ்ஸு முழுங்கிடுச்சு" என்கிறாள். அவளுக்காகவாவது வா.

அமோண்டி

நக்கூரு, ரயில்வே லைன் வீடுகள்
27 பிப்ரவரி 1984

செமேக்காரிக்கு,

நான் சொல்லச் சொல்ல மருமக பெனினா எழுதுறா. ஒரு வார்த்தை விடாம எழுதச் சொல்லியிருக்கேன்.

உன் லெட்டரை ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். தப்புதான்னு ஒரு வரி. உடனே அதுக்கு ஒரு காரணம் ஒரு வரி. இது மன்னிப்பா, வழக்கா? செமேயிலருந்து உன்னைக் கூட்டிட்டு வந்தப்ப, அந்தாளு தலையில தூக்கி வெச்சு ஆடினப்ப, நான் ஒரு வார்த்தை பேசினேனா? அடுப்பு கட்டிக் குடுத்தது யாரு? உன் பிரசவத்துக்கு வெந்நீர் வெச்சது யாரு? அந்தாளைப் புதைச்ச மண்ணு காயறதுக்குள்ள, அவன் நிலத்துல கயிறு புடிக்க எவனோ ஒரு ஆபீசருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு வார்த்தை!

வேண்டாம்னு சொல்லியிருப்பேனாம். ஏன், நான் என்ன மரக்கட்டையா? மழை ஓடிப்போறது எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். கேக்கவே இல்லை, அதுதான் எனக்கு ஆறலை.

என் மண்வெட்டி என் வீட்டுக்குள்ள தொங்குது. சாவி என் இடுப்புல இருக்கு. அது மண்ணுல இறங்கறவரைக்கும் அந்த வீட்டுல ஒரு விதை இறங்கக் கூடாது. நான் எப்ப வரணுமோ அப்ப வருவேன். உன் ஆபீசர் நாள் குறிச்சா நான் ஓடி வரணுமா?

மீறிப் போட்டேன்னு வெச்சுக்கோ, அப்புறம் ஒலாங்கோ சொன்னது நடக்கும். அடோயோ முகத்தை நெனச்சுப் பாத்துட்டு விதைப்பையில கைய விடு. அவ்ளோதான்.

கண்ணு அப்படியேதான் இருக்கு. இடது கண்ணுல வெள்ளையா மறைக்குது. ஏப்ரல் கடைசியில ஆபரேஷன்.

அபோண்டி

கமோலோ
14 மார்ச் 1984

அக்கா,

விதைத்துவிட்டேன். மார்ச் ஏழாம் தேதி, புதன்கிழமை.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மூன்று நாள் விதைப்பையின் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது. மாவு விலையைக் கேட்டதும் ஆளாளுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரும்பி வரும்போது ஏரிப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. என் பானையில் மூன்று வாரத்துக்குத்தான் சோளம் இருந்தது. இன்னொரு ஜூலை இந்தக் குழந்தைக்கு வந்தால் தாங்காது என்று தோன்றியது. நீ அடோயோவை நினைத்துப் பார் என்றாயே, நினைத்துப் பார்த்துத்தான் போட்டேன்.

புதன் காலை உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். பூட்டிய கதவைப் பார்த்து, "அக்கா, நான் போடறேன், பொறுத்துக்கோ" என்றேன். உன் கோழிதான் பதில் சொன்னது.

கயிறு பிடிக்க ஆள் வரவில்லை. ஒரு முனையைக் குச்சியில் கட்டி, மறுமுனையை நானே இழுத்துக்கொண்டு போனேன். ரோட்டில் போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏய் அமோண்டி, மண்ணுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கறியா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, உன் மாமியாருக்கும் சேத்துத்தான்" என்றேன். சிரித்தார்கள். ஆனால் ஒருத்திகூட வயலுக்குள் கால் வைக்கவில்லை. ஒலாங்கோ வரப்பில் நின்று பார்த்தான். "அண்ணன் போய் ஏழு மாசம் ஆவலை" என்று காறித் துப்பிவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மழை வந்தது. நன்றாக வந்தது. மற்றவர்கள் எல்லாம் இனிமேல்தான் உழப்போகிறார்கள்.

நீ என்னைத் திட்டியதெல்லாம் சரி. அடுப்பு கட்டிக் கொடுத்தது, வெந்நீர் வைத்தது, எல்லாம் நிஜம். ஆனால் அடோயோவின் பெயரை நீ எழுதச் சொல்லியிருக்க வேண்டாம். உன் பாயில் வளர்ந்தவள் அவள். வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

அமோண்டி

கமோலோ
22 ஏப்ரல் 1984

அக்கா,

மார்ச்சில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதியோடு மழை நின்றுவிட்டது. மழை பார்த்து விதைத்தவர்களின் பயிர் கணுக்கால் உயரத்தில் நின்று வெளுக்கிறது. என்னுடையது முழங்காலைத் தாண்டிவிட்டது. ஆபீசர் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து என்னைப் பயிருக்கு நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். "சிரிம்மா, சிரி" என்றார். சிரித்தேன்.

வயலைப் பற்றிச் சொல்ல உட்காரவில்லை. அடோயோவுக்கு உடம்பு சரியில்லை. மாதத் தொடக்கத்தில் தட்டம்மை போட்டது. தடிப்பு இறங்கிவிட்டது, இருமல் இறங்கவில்லை. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கைத் தோல் தொங்குகிறது அக்கா, மூன்று வயதுக் குழந்தைக்கு.

டிஸ்பென்சரி நர்ஸ் பார்த்தாள். "தட்டம்மை நெஞ்சுல இறங்கிடுச்சு. நாளைக்கே கெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஊசி போட்டா சரியாயிடும்" என்றாள். வீட்டுக்கு வந்தால் ஒலாங்கோ நிற்கிறான், கூடவே ஒரு வேர் வைத்தியன். "இது அம்மையில்லை, சிரா. சிரா புடிச்ச புள்ளைக்கு ஊசி குத்தினா குத்தின இடத்துலயே உசுரு போயிடும். போன வருஷம் மேட்டு வீட்டுப் பொண்ணு ஆஸ்பத்திரி வாசல்லயே போனாளே, மறந்துட்டியா?" மறக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஏழாவது வரை படித்தவள், நீ இதை நம்புகிறாயா என்று கேட்காதே. நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இருக்கிற ஒரே பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேர்த்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூத்தவள் பொறுத்துக்கொண்டால் சிரா இறங்கும் என்று ஒலாங்கோவே சொல்கிறான். ஒரே ஒரு வரி எழுது அக்கா. "நான் பொறுத்துக்கொண்டேன், அவள் மேல் குற்றமில்லை." அவ்வளவு போதும். அதை அவன் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். உன் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்.

இன்னொன்று. உன் ரோட்டோர வயலின் மூலையில் பன்னிரண்டு மக்காச்சோளச் செடி தானாக முளைத்திருக்கிறது. போன அறுவடையில் சிந்திய விதை போலிருக்கிறது. மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு, வரிசையில்லாமல், பார்க்கவே அலங்கோலம். என்ன இருந்தாலும் உன் வயல் ஆயிற்றே என்று ஆடு மேயாமல் முள் வெட்டிப் போட்டிருக்கிறேன்.

அமோண்டி

நக்கூரு
4 மே 1984

செமேக்காரிக்கு,

போன வாரம் இடது கண்ணை அறுத்தாங்க. கட்டு போட்டுப் படுத்திருக்கேன். பெனினாதான் எழுதுறா. உன் லெட்டர் வந்து நாலு நாளாச்சு, கட்டோட கெடந்ததால ஒடனே சொல்ல முடியலை.

நீ எதையும் பெருசாக்குறவ. தட்டம்மை வந்த புள்ளை இளைக்கத்தான் செய்யும். ஓயூகிக்கு வந்தப்ப அவனும் குச்சியாத்தான் போனான், இப்ப ரயில் இஞ்சினைத் தொடைக்கறான். கஞ்சியில கொஞ்சம் பால் ஊத்திக் குடு. இந்த லெட்டர் கொண்டு வர்ற கண்டக்டர்கிட்ட சர்க்கரைப் பொட்டலம் குடுத்திருக்கேன், அவளுக்குத்தான், நீ டீ போட்டுக் குடிக்காதே.

ஒரு வரி எழுதுன்னு கேக்குறே. கேக்காம கையெழுத்துப் போட்டே. கேக்காம விதைச்சே. இப்ப பொறுத்துக்கன்னு மட்டும் காகிதத்துல கேக்குறே. இது காகிதத்துல கேக்குற விஷயமாடி? இங்க வா. என் மகன் முன்னாடி, மருமக முன்னாடி கேளு. ரொம்ப நேரம் நிக்க வெக்க மாட்டேன்.

நேர்ல வந்தா உனக்கு ஒண்ணு சொல்லுவேன். கேட்டா உன் நெஞ்சு குளுந்துடும். இப்ப சொல்ல முடியாது, எழுதுறது இன்னொருத்தி கை.

அந்த மூலைச் செடியைப் புடுங்கிடாதே. சிந்தின விதைன்னு நெனச்சுக்கோ, எப்படி வேணா நெனச்சுக்கோ. முள்ளை இன்னும் கொஞ்சம் ஒசரமா போடு.

புள்ளையையும் தூக்கிட்டு வா. பாத்து நாளாச்சு.

அபோண்டி

கமோலோ
27 மே 1984

ஒசேவேயின் மூத்த மனைவிக்கு,

அடோயோ போய்விட்டாள். மே பதினாறு, புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

உன் கடிதம் திங்கட்கிழமைதான் கண்டக்டர் கையிலிருந்து வந்தது. வா என்று எழுதியிருந்தாய். வந்தேன். புதன் காலை அவளை முதுகில் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நக்கூருவுக்கு பஸ் ஏறினேன். சர்க்கரையில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்திருந்தேன். "பெரியம்மாகிட்ட போறோம்" என்றேன். "பஸ்ஸு முழுங்கிடுமா?" என்று கேட்டாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

பஸ் கெண்டுவில் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் நின்றது. ஆள் சேர்ப்பதற்காகப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரிசையில் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இறங்கவில்லை. இங்கே இறங்கினால் ஊசி, நக்கூருவில் இறங்கினால் உன் மன்னிப்பு. முதலில் உன் மன்னிப்பு, பிறகு ஊசி என்று கணக்குப் போட்டேன். நக்கூருவிலும் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

சோண்டு தாண்டியதும் முதுகில் மூச்சு நின்றது தெரிந்தது. அடுத்த ஊரில் இறங்கி, எதிரே வந்த வண்டியில் ஏறித் திரும்பினேன். இறந்த பிள்ளை என்று தெரிந்தால் ஏற்ற மாட்டார்கள். அதனால் முதுகிலேயே கட்டிக்கொண்டு, தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் "நல்லாத் தூங்குது" என்றாள். ஆமாம் என்றேன்.

நீயும் அவளும் படுத்த பாயில் சுற்றிப் புதைத்தோம். நர்ஸ் வந்திருந்தாள். "ஏப்ரல்லயே கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருக்கும்" என்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நீ சொன்னது நடந்துவிட்டது. மீதிச் சர்க்கரை இருக்கிறது, யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அமோண்டி

நக்கூரு
10 ஜூன் 1984

அமோண்டிக்கு,

இதை நானே எழுதுகிறேன். பெனினாவுக்குத் தெரியாது. சபையில் கற்றுக்கொண்ட எழுத்து, ஒரு கண்ணால் எழுதுவது, வரி கோணிக்கொண்டு போகும். பொறுமையாகப் படி.

மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நான் கமோலோ வந்தேன்.

அடோயோவின் பெயரைச் சொல்லிக் கடிதம் அனுப்பிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வாய் ஏன் அப்படிப் போயிற்று என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன். நீ எப்படியும் போட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். உன்னை எட்டு வருஷமாகப் பார்க்கிறேனே. அப்படி நீ போட்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாய் சொன்னதைக் கை அழித்துவிடட்டும் என்று கிளம்பினேன். சபைக் கூட்டத்துக்குக் கிசுமு போகிறேன் என்று மருமகளிடம் பொய் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நீ சந்தைக்குப் போயிருப்பாய் என்று தெரிந்துதான் அந்த நாளில் வந்தேன்.

உச்சி வெயில். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. என் மண்வெட்டியை எடுக்க வீட்டைத் திறந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று, வேலிக் குச்சி ஒன்றை ஒடித்து மண்ணைக் குத்தினேன். நான்கு குழி. துணியில் முடிந்து கொண்டு வந்த விதையைக் குழிக்கு மூன்றாகப் போட்டேன், என் அம்மா கற்றுக் கொடுத்தபடி. குதிகாலால் மூடினேன். அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். அடோயோவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள்.

ஆக, உனக்கு ஒரு நாள் முன்னால் நான் விதைத்துவிட்டேன். முறை தப்பவே இல்லை. நீ எந்தக் குற்றமும் செய்யவில்லை. பிள்ளை மேல் சிரா இல்லவே இல்லை. அது வெறும் தட்டம்மை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இறங்கி வந்தவள் நான் என்று நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். அதுவும் மருமகள் கையால் அதை எழுதவைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ பயந்துகொண்டு என்னிடம் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நீ என்னிடம் கெஞ்சினாய். இன்னும் ஒரு தடவை, நேரில், கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பிள்ளை அவ்வளவு மோசமாக இருக்கிறாள் என்று நான் நம்பவில்லை. இதுவும் ஒரு காரணமா என்று நீ கேட்கலாம்.

அவளைத் தூக்கி வளர்த்த கை இது. வெட்டிப் போட்டுவிடலாம் போலிருக்கிறது. உன்னிடம் பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அபோண்டி

கமோலோ
12 ஆகஸ்ட் 1984

அக்கா,

இரண்டு மாதம் ஆயிற்று. இந்தக் கடிதத்தை நான்கு தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். ஒரு தடவை உனக்குக் கண் தெரியாமலே போகட்டும் என்று எழுதினேன். அதையும் கிழித்துவிட்டேன். கிழித்ததை உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

அறுவடை ஆயிற்று. இந்தப் பக்கத்தில் அறுக்க ஏதாவது இருந்தது என் வயலில் மட்டும்தான். மற்றவர்கள் காய்ந்த தட்டையை மாட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். ஊரில் அடுப்பு எரியாத வீடுகள் நிறைய. மாவு தருகிறேன் வாருங்கள் என்று நானே போய்க் கூப்பிட்டேன். மண்ணுக்கு அளவெடுக்கிறாயா என்று என்னைக் கேலி செய்தாளே, அவள் பாத்திரத்தோடு வாசல்வரை வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "வேணாம் அமோண்டி, எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று திரும்பிப் போய்விட்டாள். என் மக்காச்சோளத்தை நான் ஒருத்திதான் தின்கிறேன்.

ஆபீசர் மகோக்கா காகிதக் கட்டோடு வந்தார். முதலில் எத்தனை மூட்டை என்று கேட்டு எழுதிக்கொண்டார். சந்தோஷப்பட்டார். பிறகு, "இவ்ளோ நல்லா விளைஞ்சும் அடுத்த போகத்துக்கு ஒருத்தரும் பேர் குடுக்கலையே, ஏம்மா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தவள், இளையவள், செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, பஸ், எல்லாம். மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, காகிதத்தில் காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. "அறியாமை" என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டம் சின்னக் கட்டம்.

உன் கடிதத்தை ஒலாங்கோவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் முக்காலியில் உட்காரவில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றான். "அப்ப புள்ளை எதுல போச்சு?" என்று கேட்டான். "தட்டம்மையில" என்றேன். அன்றிலிருந்து அவன் இந்தப் பக்கம் வருவதில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு செடியை நான் தினமும் பார்த்தேன். சிந்திய விதை எங்கேயாவது மூன்று மூன்றாக முளைக்குமா? நான்கு இடத்தில், ஒரே இடைவெளியில், மூன்று மூன்றாக? உனக்குப் பின்னால் எட்டு வருஷம் அப்படித்தானே நானும் போட்டேன். குழிக்கு மூன்று, குதிகாலால் ஒரு அழுத்து. கயிற்றைப் பிடித்த ஒரே மாதத்தில் அது எனக்கு அலங்கோலமாகத் தெரிந்தது. கையால் முள்ளை வெட்டிப் போட்டேன். குனிந்து களையெடுத்தேன். உன் கை பட்டது என்று தெரியவில்லை. நீ எழுதவில்லை, சரி. என் கண் முன்னால் முளைத்து நின்றதை நானும் படிக்கவில்லையே அக்கா.

அந்தச் செடிகளில் ஒன்பது கதிர் வந்தது. சின்னக் கதிர்கள். உரித்து உதிர்த்துத் தனியாக வைத்திருக்கிறேன், என்னுடையதோடு கலக்கவில்லை.

செப்டம்பரில் சின்ன மழைக்கு முன்னால் மறுபடியும் காய்ந்த மண்ணில் போடப்போகிறேன். ஊரில் யாரும் போட மாட்டார்கள், நான் போடுவேன். இந்தக் கயிற்று விதைப்புக்கு நான் கொடுத்த விலைக்கு இனி அதை விட முடியாது. கயிறு கட்டுவதற்கு முந்தின நாள், உன் வயல் மூலையில் உன் விதையை என் கையாலேயே நான்கு குழியில் போட்டுவிடுவேன். குழிக்கு மூன்று. அதற்காக நீ பஸ் ஏறி வர வேண்டாம்.

மீதிச் சர்க்கரையை எறும்பு தின்றுவிட்டது.

வர வேண்டும் என்று உனக்கே தோன்றினால் வா. உன் வீடு உன் வீடுதான், சாவி உன்னிடம்தான் இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை வராதே. நான் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வா.

அமோண்டி